தண்ணீரில் அவிழும் கூடு

வீட்டில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள் போல இருந்தாளாம். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பொடிசா இருக்கே, இது வளருமா?" என்று கேட்டானாம். வளர்ந்தாள். வளர்ந்து, படித்து, பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கி, கடைசியில் கண்ணுக்கே தெரியாத பொருளைக் கட்டும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். பேருக்கேத்த வேலை என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

அண்ணன் ஊர் முழுக்கச் சொன்னால் அது உண்மையிலேயே ஊர் முழுக்கக் கேட்கும். மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவன் அவன். லாரி இரைச்சல், மூட்டை இறக்குபவர்களின் கூச்சல், தராசுக்காரர்களின் சண்டை எல்லாவற்றுக்கும் மேலே, ஒலிபெருக்கி இல்லாமல், அவன் குரல் தனியாக எழும். சந்தையில் அவனுக்கு வெண்கலம் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்பா போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தன் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனான். "எனக்குத் தொண்டை இருக்கு, உனக்கு மூளை இருக்கு. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டும் இருக்கறப்ப என்ன பயம்?" என்றான். அவள் படித்தது அவன் தொண்டையில். ஒருநாளும் அவன் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. கல்லூரிக்கு ஊர்விட்டு ஊர் போனபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு வந்தவன், "அங்க போய் என் மானத்தை வாங்கிடாத" என்று மட்டும் சொன்னான். அவள் ஊருக்குத் திரும்பவில்லை. அங்கேயே ஆராய்ச்சி, அங்கேயே வேலை, ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை வீடு.

அவள் செய்யும் வேலையை விளக்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அவள் விளக்கினால்தான் கஷ்டம், அதனால் நாமே சொல்லிவிடுவோம். ஒரு மூலக்கூறைக் கிண்ணம் போன்ற வடிவத்தில் செய்கிறார்கள். அதன் விளிம்பில் கொக்கியும் கண்ணியும் மாறி மாறி வருவதுபோல அணுக்களை அமைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கிண்ணங்களை ஒரு திரவத்தில் கரைத்துவிட்டால், யாரும் தொடாமலே இரண்டு கிண்ணங்கள் ஒன்றையொன்று தேடிப்போய், வாயோடு வாய் பொருந்தி மூடிக்கொள்கின்றன. உள்ளே வேறொரு சின்ன மூலக்கூறு மாட்டிக்கொள்கிறது. ஒரு தலைமுடியின் அகலத்தில் இந்தக் கூடுகளைப் பல்லாயிரக்கணக்கில் வரிசையாக அடுக்கலாம். கட்டும் வேலையை அவையே பார்த்துக்கொள்ளும், மனிதர்கள் விளிம்பை மட்டும் சரியாக அமைத்துத் தந்தால் போதும். அந்த விளிம்பு சரியாவதற்குள் அவளுக்கு இளமை முடிந்துவிட்டது.

கூட்டுக்கு ஒரு குறை உண்டு. குளோரோஃபார்ம் போன்ற திரவத்தில்தான் அது நிற்கும். தண்ணீர் வந்து கலந்தால், விளிம்பிலிருக்கும் கொக்கிகள் தங்கள் ஜோடியை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கூடு அவிழ்ந்து, உள்ளே இருந்தது வெளியே போய்விடும். மனித உடம்போ பெரும்பகுதி தண்ணீர். இது அவளுக்கு முதல்நாளே தெரியும். அவள் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்தத் துறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கட்டுரையை எழுதி முடிக்கும்போது கடைசி வாக்கியமாக, இத்தகைய கூடுகள் வருங்காலத்தில் மருந்தை உடலில் வேண்டிய இடத்துக்கே கொண்டுசேர்க்கப் பயன்படலாம் என்று போடுவார்கள். விண்ணப்பத்தின் அடியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று போடுகிறோமே, யாராவது கீழ்ப்படியவா போகிறோம்? அந்த மாதிரிதான் இதுவும். எழுதுபவர் யோசிக்காமல் எழுதுவார், படிப்பவர் கவனிக்காமல் தாண்டிப்போவார். அவளும் எழுதினாள். நிதி கேட்டு எழுதியபோது எழுதினாள், பரிசுக்கு அனுப்பியபோது எழுதினாள். எழுதி எழுதிக் கைக்கு அது பழகிப்போயிருந்தது.

கூட்டுக்குப் பரிசு அறிவித்தார்கள். ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். கொக்கி, கண்ணி, கிண்ணம் என்று அவள் ஆசையாகச் சொன்னதையெல்லாம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டுவிட்டு, "இதனால ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம், மேடம்?" என்றார். அவள் அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்து நீட்டினாள். மறுவாரம், 'நோய் இருக்கும் இடத்துக்கே போகும் மருந்து' என்று பெரிய எழுத்தில் வந்தது, பக்கத்திலேயே அவள் சிரிக்கும் படம். பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. தப்பு என்று ஃபோன் செய்து சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் படம் நன்றாக விழுந்திருந்தது. கடைக்குப் போய் இன்னும் சில பிரதிகள் வாங்கிவந்தாள், ஒன்றை அண்ணனுக்கு அனுப்பினாள்.

அண்ணன் அதைச் சட்டம் போட்டுச் சந்தை அலுவலகத்துச் சுவரில் மாட்டினான். கொஞ்ச நாள் கழித்து ஃபோன் செய்தான்.

"பொடிசு, நம்ம கூடு எங்க வேணாலும் போகுமா?"

"எங்க வேணாலும் போகும்ணே."

"தொண்டைக்கு?"

"தொண்டை என்ன, மூளைக்கே போகும். உனக்கு இருந்தா."

அவன் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் கரகரத்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"எப்ப வரும்?"

"வரும், வரும். கொஞ்சம் பொறு."

அவன் பொறுத்தான். அதுதான் நடந்தது. அவன் தொண்டையில் ஒரு கட்டி இருந்தது. கெட்ட கட்டி என்று சோதனையில் தெரிந்திருந்தது. குரல்வளையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் போதும், குரல் கரகரப்பாகவாவது மிஞ்சும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கரகரத்த வெண்கலத்தை யார் வாங்குவா? என் தங்கச்சி முழுசா மீட்டுக் குடுப்பா" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து வந்துவிட்டான். பாதிக் குரல் வேண்டாம் என்று முழுக் குரலுக்காகக் காத்திருந்தான். இதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தெரியாது.

தெரிந்தது, சில மாதம் கழித்து அண்ணி வந்தபோது. அண்ணி அந்த ஊருக்கு அதுவரை வந்ததே இல்லை. ஆய்வுக்கூடத்து வரவேற்பறையில், மடியில் ஒரு பெரிய ஸ்கேன் உறையை வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். என்ன ஏது என்று கேட்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஏன் அண்ணி சொல்லலை?" என்றாள் பொடிசு. கேள்வியில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. அதை நினைத்து அப்புறம் அவளுக்கே வெட்கமாயிருந்தது.

"நீ பரிசு வாங்கப் போற நேரம். உன் மனசு கலங்கக் கூடாதுன்னு அவர்தான் சொல்ல வேண்டாம்னாரு." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "முதல் மருந்தை வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க அண்ணனுக்குக் குடும்மா. ஒண்ணே ஒண்ணு போதும். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவளுக்கு. மருந்தே இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "அண்ணன் எங்க?" என்று மட்டும் கேட்டாள். கீழே, வாசலுக்கு எதிரே மரத்தடியில் நிற்பதாக அண்ணி சொன்னாள். "பெரிய பெரிய ஆளுங்க இருக்கற இடம், நான் எதுக்கு உள்ளன்னு நின்னுட்டாரு."

அவள் இறங்கிப்போனாள். கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, இளைத்துப்போய் அண்ணன் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, "வெண்கலம் இப்ப தகரம் ஆயிடுச்சு, பார்த்தியா" என்றான். காற்றும் கரகரப்புமாக வந்த அந்தக் குரல் யாருடையது என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துவந்தாள். ஆய்வுக்கூட வாசலில் அவன் செருப்பைக் கழற்றப் போனான். இங்கே கழற்றக்கூடாது என்று அவள் சொன்னதும், "சாமி இருக்கற இடம்னு நெனச்சேன்" என்றான். உள்ளே வேலையாயிருந்த மாணவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கும்படி சொன்னாள். அவர்கள் முன்னால் இதைச் செய்ய அவளுக்குத் துணிவில்லை.

கண்ணாடிச் சிமிழ் ஒன்றை எடுத்தாள். உள்ளே கூடுகள் கரைந்திருந்த திரவம், கூடுகளுக்குள்ளே மருந்துக்குப் பதிலாக ஒரு சாயம். கூட்டுக்குள் அடைந்திருக்கும்வரைதான் அந்தச் சாயம் ஒளிரும். ஊதா விளக்கைப் போட்டு அதன் கீழே சிமிழைப் பிடித்தாள். சிமிழ் முழுக்கப் பச்சையாக ஜொலித்தது.

"அடேயப்பா" என்றான் அண்ணன் மெதுவாக. "இவ்வளவு அழகா இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே." அண்ணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அண்ணே, இது எண்ணெய் மாதிரி ஒரு திரவம். கூடு இதுலதான் நிக்கும். இப்ப பாரு." தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விட்டு, மூடி, குலுக்கி, மறுபடி விளக்கின் கீழே பிடித்தாள். பச்சை போய்விட்டது. கழுவின தண்ணீர் போல ஏதோ ஒன்று சிமிழில் இருந்தது.

"அணைஞ்சு போச்சே" என்றாள் அண்ணி.

"அவிழ்ந்து போச்சு அண்ணி. தண்ணி பட்டா அவிழ்ந்துரும். உடம்பு பூரா தண்ணிதானே? தொண்டைக்குப் போறதுக்கு முன்னாடியே, வாய்க்குள்ள வச்ச உடனேயே அவிழ்ந்துரும். மருந்துன்னு ஒண்ணும் இல்ல அண்ணே. வரப்போறதும் இல்ல. இந்தக் கூட்டால வராது."

அண்ணன் சிமிழை வாங்கி, தானும் ஒருமுறை குலுக்கி, விளக்கில் காட்டிப் பார்த்தான். எங்கேயாவது கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கிறதா என்று தேடுவதுபோல் இருந்தது.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"ஆரம்பத்துல இருந்தே தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதினே?"

உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. அது வாயில் வந்தபோதுதான் எவ்வளவு அற்பமானது என்று அவளுக்கே தெரிந்தது.

"எல்லாரும் எழுதுவாங்கண்ணே."

அவன் தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள், கோபப்பட்டால் தேவலை என்றும் இருந்தது. அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"நானும் இத்தனை வருஷமா சொத்தைக் கத்திரிக்காயை முதல் தரம்னுதான் கூவினேன். ஆனா எனக்கு எதிர்ல நிக்கறவன் வியாபாரி. நான் முதல் தரம்னு சொன்னா அவன் மூணாம் தரம்னு எடுத்துக்குவான். உங்க எழுத்தையும் அப்படித்தான் படிக்கணுமா?"

"எங்க ஆளுங்க அப்படித்தான் படிப்பாங்க."

"எனக்கு அது தெரியலையே, பொடிசு."

அவன் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வழி தெரியாமல் வேறு தெருவுக்குள் போய்விட்டவன் சொல்வதுபோல, தன் மேலேயே குறைபட்டுக்கொண்டு சொன்னான். அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. அழுதால் அவன் எழுந்து வந்து தேற்றுவான் என்று அவளுக்குத் தெரியும். அவனிடமே போய் ஆறுதல் வாங்குவது ஒன்றுதான் பாக்கி. சிமிழைக் கழுவுவதற்காகத் திரும்பி நின்றுகொண்டு, தேவைக்கு மேல் நெடுநேரம் கழுவினாள்.

மறுநாளே மூவரும் ஊருக்குப் போய், அங்கிருந்து மருத்துவமனைக்குப் போனார்கள். ரயிலில் இருந்தபடியே அந்தப் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு, செய்தி தப்பு, திருத்தம் போடுங்கள் என்றாள். "அது பழைய செய்தி ஆச்சே மேடம்" என்றார் அவர். அவர் அன்று கேட்ட கேள்விக்கு அவள் கொடுத்த பதிலைத்தான் அச்சடித்திருந்தார். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை.

மறுபடி எல்லாச் சோதனைகளும் எடுத்தார்கள். டாக்டர் அண்ணியையும் அவளையும் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார். பெரிய பேச்செல்லாம் இல்லாத மனிதர். "அப்பவே ஆபரேஷனுக்கு வந்திருந்தா ஒரு பக்கம் எடுத்தா போதுமா இருந்திருக்கும். இப்ப ரெண்டு பக்கமும் பரவியிருக்கு, முழுசா எடுக்கணும். உயிரைக் காப்பாத்தப் பார்க்கறோம். குரல் இருக்காது" என்றார். அறையை விட்டு வெளியே வந்ததும் அண்ணி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"குரல் போகும்ங்கறதை டாக்டரே அவர்கிட்ட சொல்லிடுவாரு. அப்பவே வந்திருந்தா போதுமா இருந்திருக்கும்னு சொன்னாரே, அதை மட்டும் நீ சொல்லிடாத. தாங்க மாட்டாரு."

சரி என்றாள். அப்பாடா என்றும் இருந்தது. சொல்லாமல் இருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டதே என்று மனசு இளகியதை அவள் கண்டுகொண்டாள். தன்னைப் பற்றி அவளுக்கு இன்னும் கொஞ்சம் கேவலமாக இருந்தது.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் சந்தையே வார்டுக்கு வந்துவிட்டது. தராசுக்காரர்கள், மூட்டை தூக்குபவர்கள், எதிர்க்கடைக்காரர்கள், ஏலத்தில் தினம் சண்டை போடும் வியாபாரிகள் எல்லோரும் வந்தார்கள். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் கேட்கவில்லை. ஒவ்வொருவரையும் பக்கத்தில் கூப்பிட்டுப் பேசினான். ஒருவனுக்குத் திட்டு, ஒருவனுக்குப் புத்திமதி, ஒருவனிடம் பழைய சண்டைக்கு மன்னிப்பு. கடைசியில், எஞ்சியிருந்த குரலில், தான் படுத்திருந்த கட்டிலையே ஏலம் விட்டான். "ஜன்னலோரக் கட்டில், முதல் தரம், காத்து வரும், மருந்து வாசனை இலவசம், கேளுங்கய்யா கேளுங்க" என்று அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னபோது பக்கத்துக் கட்டில் நோயாளிகூடத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் வந்து எல்லோரையும் விரட்டினாள்.

அவளிடம் மட்டும் அவன் அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டினான். அவள் ஊற்றிக் கொடுத்தாள், போர்வையை மடித்தாள், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். போகும் குரலை அவன் எல்லோருக்கும் பங்கு வைத்தபோது அவளுக்கு எதுவும் வரவில்லை. கேட்கவும் அவளுக்கு வாயில்லை.

காலையில் சக்கரக் கட்டிலில் ஏற்றி நடை வழியே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு பக்கம் அண்ணி, இன்னொரு பக்கம் அவள். கதவருகே வந்ததும் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"டாக்டர் உங்களைத் தனியா கூப்பிட்டாரே, என்ன சொன்னாரு?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் கண் கெஞ்சியது. ஒன்றுமில்லை, தைரியமாயிருக்கச் சொன்னார் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை.

"அப்பவே வந்திருந்தா பாதிக் குரலாவது மிஞ்சியிருக்கும்னு சொன்னாருண்ணே. என் பேச்சைக் கேட்டுக் காத்திருந்ததுல அதுவும் போச்சு."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் கண்ணை மூடினான். கட்டிலைத் தள்ளுபவர் நேரமாகிறது என்றார். அவன் பிடியை விடவில்லை. கண்ணைத் திறந்து, அவளைக் குனியச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"இனிமே நான் கேக்கறவன்தான். நீ எதைச் சொன்னாலும் நம்புவேன், பொடிசு. எனக்கு வேற மாதிரி படிக்கத் தெரியாது. பார்த்துப் பேசு."

கதவு திறந்தது, கட்டில் உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது.

இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நெடுநேரம் கழித்து அண்ணி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். என்ன இருந்தாலும் பொடிசு படித்தவள், இதே மருந்து மாத்திரை உலகத்தில் இருப்பவள், அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்பது அண்ணியின் நினைப்பு.

"பிழைச்சு நல்லபடியா வந்துருவாரு இல்ல?"

வந்துருவாரு அண்ணி என்ற பதில் அவள் நாக்கு நுனிவரைக்கும் தானாக வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"தெரியலை அண்ணி" என்றாள்.

அண்ணி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, சற்றுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.